மண்ணிடம் யார் அனுமதி கேட்பது?

வாஸ்து புருஷன் ஆண்டுக்கு எட்டே நாள்தான் கண் விழிப்பார் என்கிறது பஞ்சாங்கம். சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. அந்த நாட்களிலும் விழித்திருப்பது மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம். அதற்குள் பல் துலக்கி, குளித்து, பூஜை முடித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு மறுபடியும் படுத்துவிடுவார். ஒவ்வொன்றுக்கும் 18 நிமிடம். அவர் இலையில் உட்காரும் நேரமும் தாம்பூலம் தரிக்கும் நேரமும் சேர்ந்த 36 நிமிடம்தான் மனை முகூர்த்தத்துக்கு உகந்தது. வயிறு நிறைந்தவர் எதையும் மறுக்கமாட்டார் என்று கணக்குப் போட்டவர்கள் நினைத்திருக்கலாம்.

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தின் குறுக்குத் தெருக்களில் அந்த 36 நிமிடத்தைத் தவறவிடாமல் பிடிக்கும் குடும்பங்கள் நிறைய. பழைய தனி வீட்டை இடித்தாயிற்று. அதே மனையில் கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், மேலே நான்கு மாடி. பூமி பூஜையன்று வடகிழக்கு மூலையில் குழி தோண்டி, மஞ்சள் தடவிய செங்கற்களை வைத்து, நவதானியம் தூவிப் பால் விடுவார்கள். பந்தலடியில் நிலத்துக்காரர், புரொமோட்டர், எஞ்சினியர், முன்பணம் கட்டியவர்கள் என்று எல்லோரும் நிற்பார்கள். கோடிகள் புழங்கும் இடம். 'இந்த வீடு நமக்கு ராசியாக இருக்குமா?' என்பதுதான் அத்தனை பேர் மனத்திலும் ஓடும் கேள்வி. அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சடங்கு பிறந்த இடத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது: இங்கே நமக்கு முன்பே இருப்பவர்களை என்ன செய்வது?

வாஸ்து புருஷன் யார் என்று மத்ஸ்ய புராணம் ஒரு கதை சொல்கிறது. அந்தகாசுரனோடு சிவன் போரிட்டபோது அவர் நெற்றி வியர்வை நிலத்தில் சிந்தி, அதிலிருந்து ஒரு பூதம் எழுந்தது. தீராப் பசி, மூவுலகையும் விழுங்கப் பார்த்தது. தேவர்கள் கூடி அதைத் தரையில் தள்ளி, ஆளுக்கோர் அங்கத்தின் மேல் அமர்ந்து அழுத்தினார்கள். அமர்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. 64 அல்லது 81 கட்டங்களாக வரையப்படும் வாஸ்து மண்டலம் அவர்கள் அமர்ந்திருக்கும் வரைபடம்தான்: மொத்தம் 45 தேவதைகள், நடுவில் பிரம்மா, பூதத்தின் தலை வடகிழக்கில், கால்கள் தென்மேற்கில். கீழே கிடந்த பூதம் தன் சாப்பாட்டுக்கு வழி கேட்டது. வீடு கட்டுகிறவர்கள் இடும் பலி உனக்கு என்று முடிவாயிற்று.

கதையை நம்புவது நம்பாதது அவரவர் விருப்பம். அது சொல்லும் நிலைமையைக் கவனிக்க வேண்டும். எந்த வீடும் வெற்று நிலத்தில் எழவில்லை, யாரோ ஒருவரின் உடல்மேல் எழுகிறது. அவர் பசித்திருக்கிறார், அவருக்குத் தர வேண்டியது பாக்கி இருக்கிறது.

தென்னிந்தியச் சிற்ப நூலான மயமதம் இதை வேலைத் திட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. மனையைத் தேர்ந்தபின் உடனே அஸ்திவாரம் போடுவதில்லை. முதலில் அங்கே குடியிருக்கும் பூதங்களையும் தேவதைகளையும் வேறிடம் போகும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு எருது பூட்டி உழுது, விதைத்து, விளைந்ததைப் பசுக்களுக்கு மேய விட வேண்டும். கல் வைப்பது அதற்கப்புறம். 45 தேவதைகளுக்கும் தனித்தனியே என்னென்ன படைப்பது என்று ஓர் அத்தியாயமே உண்டு. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை மரத்துக்கும் இதே மரியாதையைத் தருகிறது. சிலை செய்ய மரம் வெட்டப் போகிறவர்கள் முதல் நாள் இரவே மரத்துக்குப் பூஜை செய்து, அதில் வாழும் உயிர்களிடம் இடம் மாறிக்கொள்ளும்படி வேண்ட வேண்டும்.

மண்ணையும் சும்மா விடுவதில்லை. நிறம், மணம், சுவை பார்ப்பதோடு ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்ப நிரப்பச் சொல்கின்றன இந்த நூல்கள். மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக நிரம்பினால் மத்திமம், குழி நிரம்பாவிட்டால் அந்த மனை வேண்டாம். இறுகிக் கிடக்கும் மண் தோண்டும்போது பொலபொலத்து அளவில் பெருகும். ஏற்கெனவே தளர்ந்து கிடக்கும் மண் பெருகாது. இன்றைய எஞ்சினியர் இதையே வேறு விதமாகக் கேட்கிறார். துளையில் இறக்கிய குழாயின் தலையில் 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுகிறார். அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டிய இந்தப் பேட்டையில் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அஸ்திவாரத்துக்குப் பைல் போடுவதா, ராஃப்ட் போடுவதா என்று தீர்மானிக்கிறார்கள். ஸ்தபதியும் எஞ்சினியரும் இந்த இடத்தில் ஒரே பக்கம் நிற்கிறார்கள். இரண்டு பேருமே மண்ணைக் கேட்காமல் மேலே போகவில்லை.

திசையைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். சங்க நூலான நெடுநல்வாடையில் நக்கீரர் ஓர் அரண்மனை கட்டப்படும் விதத்தைக் காட்டுகிறார். இரு கோல் நட்டு அவற்றின் நிழலைப் பார்த்து, சூரியன் உச்சியில் நிற்கும் பொழுதை அறிந்து, கயிறு பிடித்துத் திசையைக் குறிக்கிறார்கள் நூல் கற்றவர்கள். அந்த நாளைச் சித்திரை மாதத்தில் வைக்கிறார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து கோலின் நிழல் காலடியில் மறையும் நாள் ஏறக்குறைய ஏப்ரல் 24, அதாவது சித்திரை 11ஐ ஒட்டி. பஞ்சாங்கத்தின் முதல் வாஸ்து நாள் சித்திரை 10. ஊருக்கு ஊர் நிழலில்லா நாள் மாறும் என்பதால் இந்த ஒற்றுமையைப் பெரிய நிரூபணமாகத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஆனால் வெயிலில் நின்று நிழலைப் பார்த்தவர்களின் வித்தை இது என்பதை அது நினைவூட்டுகிறது. இன்றைய ஆலோசகர் பாதி கட்டிய தளத்தில் நின்று செல்போனில் திசைகாட்டியைத் திறக்கிறார். சுற்றிலும் கம்பி. முள் அதன் பக்கம் இழுபடும்.

அந்த முள் சொல்வதை வைத்து ஃபிளாட்டின் விலையே மாறுகிறது. தெற்கு பார்த்த வாசல் என்றால் வாங்க வந்தவர் முகம் சுருங்கும். தரகரே குரலைத் தாழ்த்திச் சொல்வார். இரண்டு கிலோமீட்டர் போனால் மயிலாப்பூரில் கபாலீசுவரர் மேற்கு பார்த்து அமர்ந்திருக்கிறார். கற்பகாம்பாள் நிற்பதோ தெற்கு பார்த்து. கோயில் விதி வேறு, வீட்டு விதி வேறு என்று பதில் வரும், நியாயம்தான். ஆனால் வீட்டு விதியும் தெற்கை ஒதுக்கவில்லை. மனையின் சுற்றில் பக்கத்துக்கு எட்டாக 32 வாசல் இடங்களைப் பிருகத் சம்ஹிதை கணக்கிடுகிறது. நான்கு பக்கங்களிலும் நல்ல இடமும் உண்டு, ஆகாத இடமும் உண்டு. 'தெற்கு ஆகாது' என்பது நூலைச் சுருக்கிச் சுருக்கிச் சந்தை கண்டெடுத்த வாசகம்.

அளவு விஷயத்தில் ஆயாதிக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஒரு முறைப்படி, வீட்டின் சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்தால் வரும் மீதிதான் யோனி. மீதி ஒன்று என்றால் கொடி, இரண்டு புகை, மூன்று சிங்கம், நான்கு நாய், ஐந்து எருது, ஆறு கழுதை, ஏழு யானை, மிச்சமில்லாவிட்டால் காகம். ஒற்றைப்படை நல்லது, இரட்டைப்படை ஆகாது. சுற்றளவு 43 கோல் என்றால் 129. எட்டால் வகுத்தால் மீதி ஒன்று, கொடி பறக்கிறது. ஒரு கோல் கூட்டி 44 ஆக்கினால் 132, மீதி நான்கு: நாய். கணக்கு இதோடு நிற்பதில்லை. கிடைக்கும் நட்சத்திரம் வீட்டுக்காரரின் நட்சத்திரத்தோடு பொருந்துகிறதா என்றும் பார்ப்பார்கள்.

இங்கேதான் மதத்துக்குள்ளேயே ஒரு சிக்கல் முளைக்கிறது. வினையை நம்பும் ஒருவர், சுவரை ஒரு கோல் தள்ளிப் போட்டு வினையைத் தள்ளிப் போட முடியும் என்று எப்படி நம்புவது?

சைவ சித்தாந்தம் இதைக் கூர்மையாகக் கேட்கும். உயிருக்கு உடல், கருவிகள், வாழும் உலகம், நுகரும் பொருள் ஆகிய நான்கையும் அதன் வினைக்கு ஏற்ப இறைவன் கூட்டி வைக்கிறான் என்பது அதன் கொள்கை. தனு, கரணம், புவனம், போகம் என்பார்கள். அப்படியானால் அக்கினி மூலையில் அமையாத அடுப்பும் வினைப்பயன்தான், அதைப் பார்த்துப் பயமுறுத்தும் ஆலோசகரும் வினைப்பயன்தான். சுவரை இடித்து மாற்றினால் மாறுவது சுவர் மட்டும். வினை அனுபவிக்கப்பட்டே தீர வேண்டும். வாஸ்துவை நம்புகிறவர்களிடமும் இதற்குப் பதில் உண்டு: பரிகாரம் செய்யத் தோன்றுவதும் அதே வினையின் கூறுதான், நல்ல வைத்தியரிடம் போகத் தோன்றுவதைப்போல. பதில் மறுக்க முடியாதது. ஆனால் அதை வைத்து எந்தப் பரிகாரத்தையும் நியாயப்படுத்திவிடலாம் என்பதே அதன் பலவீனம். திருக்குறளில் ஊழின் வலிமைக்கு ஓர் அதிகாரமும், ஊழையே பின்னுக்குத் தள்ளும் ஆள்வினைக்கு இன்னோர் அதிகாரமும் இருக்கின்றன. வள்ளுவர் அங்கே முன்னிறுத்துவது தளராத உழைப்பை. வாசல் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.

ஃபிளாட் வந்தபின் சிக்கல் இன்னும் முறுக்கேறியது. இந்தப் பேட்டைக்குப் பெயர் தந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் (1881-1948) பிறந்த கானாடுகாத்தான் பக்கம் போனால், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகளைப் பார்க்கலாம். நடுவில் வானம் பார்த்த முற்றம்: பிரம்மாவின் இடத்தில் யாரும் சுவர் எழுப்பவில்லை. ஒரு மனை, ஒரு குடும்பம், ஒரு வாஸ்து புருஷன். அடுக்குமாடியில் அந்த நடு இடத்தில் லிஃப்ட் ஓடுகிறது. எட்டுக் குடும்பங்களுக்கு எட்டு நட்சத்திரம். மனையில் ஒவ்வொருவருக்கும் இருப்பது பிரிபடாத பங்கு, தரகர் மொழியில் யு.டி.எஸ். பூதத்தின் முதுகில் எந்தச் சதுர அடி யாருடையது என்று பத்திரத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. ஆயாதியை யார் நட்சத்திரத்துக்குப் பொருத்துவது? விற்றுவிட்டுப் போனால் வாங்கியவருக்கு அது எப்படிப் பொருந்தும்? நூல்களில் விடை கிடையாது. அவை எழுதப்பட்ட காலத்தில் இப்படி ஒரு கேள்வியே இல்லை.

பழைய நூல்களில் எல்லாம் பொன் என்று சொல்லிவிடவும் முடியாது. வெள்ளை மண் ஒரு வருணத்துக்கு, கறுப்பு மண் இன்னொரு வருணத்துக்கு என்று நிலத்தையே சாதியாகப் பிரித்தவை இவை. வாசல் தப்பினால் பிள்ளை போகும், பொருள் போகும் என்ற மிரட்டலும் அவற்றிலேயே இருக்கிறது. அனுமதி கேட்கும் பணிவும் ஆதாயம் பார்க்கும் கணக்கும் முதலிலிருந்தே ஒரே ஓலையில் பக்கத்துப் பக்கத்து வரிகள். சுயமரியாதை இயக்கத்தார் இரண்டையும் சேர்த்தே தூக்கி எறியச் சொன்னார்கள். சந்தையோ பணிவை மட்டும் உதறிவிட்டுக் கணக்கை வைத்துக்கொண்டது. இன்று பூமி பூஜையில் பலியும் மந்திரமும் இருக்கின்றன. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்பது மட்டும் அங்கே நிற்கும் ஒருவருக்கும் தெரியாது.

தமிழர் வீட்டைப் பற்றி எழுதிய மானுடவியலாளர் ஈ. வாலண்டைன் டேனியல், 1984இல் வெளியான தன் நூலில் ஒரு முழு அத்தியாயத்தை இதற்கு ஒதுக்கியிருக்கிறார். அவர் பழகிய கிராமத்தில் வீடும் ஓர் உயிர்: கருக்கொள்கிறது, பிறக்கிறது, அதற்கும் ஜாதகம் உண்டு, குடியிருப்பவர் குணமும் வீட்டின் குணமும் ஒன்றோடொன்று கலக்கின்றன. அப்படிப் பார்த்தால் அதைப் பெற்றவர்கள் யார்? பல ஊர்களில் குடிபுகுவதற்கு முன் 'தச்சு கழித்தல்' நடக்கும். கட்டிய தச்சர்களே நடத்தும் சடங்கு இது. அது முடிந்து அவர்கள் வேட்டி, துண்டு, தட்சிணை வாங்கிக்கொண்டு கைவிட்ட பிறகுதான் வீடு வீட்டுக்காரருடையது. நிலை வைக்கும் நாளில் ஆசாரிக்குச் செய்யும் மரியாதை சென்னையில் இன்னும் மிஞ்சியிருக்கிறது. தளம் போடும் நாளில் கலவை சுமந்தவர்களுக்குப் பிரியாணிப் பொட்டலமும் வரும். கம்பி கட்டியவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்; கிரகப்பிரவேசத்துக்குள் அவர் அடுத்த சைட்டுக்குப் போயிருப்பார். பிளான் அப்ரூவலின்போது கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தைத் தொழிலாளர் நல நிதிக்குக் கட்ட வைக்கிறது அரசு. தச்சு கழித்தலின் மிச்சம் அந்த ரசீதில் இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை.

இதே பேட்டையில் கிரீன்வேஸ் சாலையில் வசந்த விஹார் இருக்கிறது. 1930களில் எழுந்த இந்த வீட்டில்தான் ஜே. கிருஷ்ணமூர்த்தி சென்னைக்கு வரும்போது தங்கிப் பேசினார். அவரது கடைசிப் பொதுப் பேச்சும் 1986 ஜனவரி 4 அன்று இங்கேதான் நடந்தது; அடுத்த மாதம் கலிபோர்னியாவின் ஓஹாயில் இறந்தார். உணவு, உடை, இருப்பிடம் என்ற உடல் சார்ந்த பாதுகாப்பு எல்லோருக்கும் வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மனத்துக்கும் அதேபோல் ஒரு பாதுகாப்பைத் தேடி, அதற்காகச் சடங்கையும் குருவையும் பிடித்துக்கொள்வதையே அவர் வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டார். அவர் வகுத்த இந்தப் பிரிவை வைத்துப் பார்த்தால் பைலின் ஆழம் முதல் வகைக் கேள்வி. வாசல் ராசி இரண்டாம் வகை. பூமி பூஜைப் பந்தலில் இரண்டும் ஒரே தாம்பாளத்தில் வைக்கப்படுகின்றன.

சடங்கே வேண்டாம் என்பதுதான் முடிவா? சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் பூசலார் அப்படி நினைக்கவில்லை. சென்னையை அடுத்த திருநின்றவூர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனத்திலேயே கட்டினார். கவனிக்க வேண்டியது, அவர் குறுக்கு வழி எதிலும் போகவில்லை என்பது. கல்லும் மரமும் மனத்திலேயே சேர்த்தார், தச்சரைத் தேடினார், நல்ல நாள் பார்த்து அடித்தளமிட்டார், இரவிலும் கண் அயராமல் விமானத்தை எழுப்பிச் சுதை பூசினார், கிணறும் குளமும் தோண்டி மதிலும் எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தன் கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னன் கனவில் சிவன் தோன்றி, வேறு நாள் பார்த்துக்கொள், நாளை நின்றவூரில் வேலை இருக்கிறது என்றார். மன்னன் தேடி வந்து பார்த்தால் ஊரில் அப்படி ஒரு கட்டடமே இல்லை. சேக்கிழார் மன்னனின் கோயிலைக் குறைத்துச் சொல்லவில்லை; அது இன்றும் நிற்கும் கைலாசநாதர் கோயில் என்றே கருதப்படுகிறது. பூசலாரின் முறைகளில் நாள் பார்ப்பது உண்டு, நன்றி உண்டு, பொறுமை உண்டு. தனக்கு என்ன கிடைக்கும் என்ற வரி மட்டும் அந்த மதிப்பீட்டில் எழுதப்படவில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் 'முன்பே இருந்தவர் யார்?' என்ற கேள்விக்குப் புராணம் தேடிப் போக வேண்டியதில்லை. தண்ணீர். தெற்கே அடையாறு, பக்கத்தில் பக்கிங்ஹாம் கால்வாய், கிழக்கே கடல் நோக்கிய கழிமுகம். அடையாறு உப்பங்கழியின் 58 ஏக்கர், பல ஆண்டு சீரழிவுக்குப் பின் மீட்கப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி நீரும் வழிநெடுகப் பெய்த மழையும் அடையாற்றில் ஒன்றாக வந்தபோது சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் மாடிக்கு ஏறி உயிர் பிழைத்தார்கள் மக்கள். கிழக்கு வாசலா, தெற்கு வாசலா என்று ஆறு பார்க்கவில்லை. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மணற்பாங்கான கடலோர மண்ணில் பெய்த மழையை உள்ளே இறக்காவிட்டால் கடல்நீர் ஏறி வரும். அந்தத் தொட்டியையும் சான்றிதழுக்காகக் கட்டி, பிறகு டைல்ஸ் போட்டு மூடிய மனைகள் நகரில் உண்டு. வாஸ்து புருஷனுக்குத் தர வேண்டிய பலியை இன்றைய கணக்கில் எழுதினால், முதல் வரியில் வர வேண்டியது அந்தத் தொட்டி.

பூமி பூஜைக்கு நாள் குறித்ததும் புரோகிதர் ஒரு சாமான் பட்டியல் தருவார்: மஞ்சள், குங்குமம், நவதானியம், ஐந்து செங்கல், பூசணிக்காய், கதம்பம் மூன்று முழம். அதே தாளின் கீழ்ப்பாதியில் இன்னும் நான்கைந்து வரிக்கு இடம் இருக்கும். மனையின் ஓரத்தில் நிற்கும் வேப்பமரத்தைத் தப்பவிடப் பிளானில் மூன்றடி விலக முடியுமா? பெய்யும் மழை எந்தக் கிணற்றில் இறங்கும்? வேலைக்கு வருகிறவர்களுக்குக் கழிப்பறை எந்த மூலையில்? அவர்கள் பெயர் நல வாரியத்தில் பதிவாகியிருக்கிறதா? பைல் இறக்கும் மூன்று வாரமும் அதிரப்போகும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் யார் போய்ச் சொல்வது? இதற்கெல்லாம் முகூர்த்தம் தேவையில்லை; ராகு காலத்தில்கூடக் கேட்கலாம்.